எப்போதுமே நாள் தள்ளிப் போகிறவர்கள் கர்ப்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பீரியட்ஸ் ஒழுங்காக வராது, இந்தத் தடவை 45 நாள் ஆகிவிட்டது, வீட்டில் சோதித்தால் நெகட்டிவ், வாந்தி மயக்கம் எதுவும் இல்லை, அப்படியானால் கர்ப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் மருத்துவர் இல்லை. “டாக்டரிடம் போகச் சொல்லாமல் கதை சொல்கிறாயே” என்று கிளம்பி வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வாருங்கள், போகத்தான் சொல்கிறேன்.

நம் பேச்சில் கர்ப்பத்துக்குப் பாதிப் பெயரே “நாள் தள்ளிப் போயிருக்கு” என்பதுதான். எனக்கு 38 நாளிலும் வரும், 60 நாளிலும் வரும். அதுதான் அடையாளம் என்றால் நான் வருடத்துக்கு ஐந்தாறு தடவை கர்ப்பம். 28 நாளுக்கு ஒருமுறை டாணென்று வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், “டென்ஷன் ஆகாதே, தானா வரும்” என்பார்கள். எனக்கு டென்ஷன் வந்ததே அந்த வாக்கியத்தால்தான்.

அந்தத் தடவை 41ஆம் நாள் காலையில் சோதித்தேன். ஒரே கோடு. குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் எடுத்துப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் மெலிதாக இன்னொரு கோடு மாதிரி. கணவர் செல்போன் டார்ச்சை அடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, சாய்த்துப் பார்த்து, “இது கோடு இல்ல, காய்ஞ்ச தடம்” என்றார். அரை நாள் சண்டை. கடைசியில் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் படித்தோம்: 10 நிமிடத்துக்குப் பிறகு தெரிவதைக் கணக்கில் எடுக்கக் கூடாதாம். அவர் ஜெயித்தார். இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

45ஆம் நாள் பழுப்பாக இரண்டு மூன்று துளி. இரண்டு நாளில் நின்றுவிட்டது. சரி, வந்துவிட்டது, இந்தத் தடவை கொஞ்சம்தான் போலிருக்கிறது என்று செல்போன் ஆப்பிலும் பதிந்துவிட்டேன். அதுவும் சமர்த்தாக அடுத்த மாதத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்தது! கரு கருப்பைச் சுவரில் ஒட்டும் சமயத்தில் சிலருக்கு இப்படி லேசாகக் கசியும் என்று பிறகுதான் தெரிந்தது. அசதி, மார்பு வலி, எரிச்சல் எல்லாம் இருந்தன. ஆனால் பீரியட்ஸ் வருமுன்னும் எனக்கு அதே அசதி, அதே வலி, அதே எரிச்சல்தான். இரண்டு சமயத்திலும் உடம்பில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடியிருக்கும், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

60ஆம் நாள் ராத்திரி, வழக்கம் போலக் குப்புறப் படுத்துப் புத்தகம் படிக்கப் பார்த்தேன். படுக்க முடியவில்லை, மார்பு அப்படி வலித்தது. இழுப்பறையில் சீப்புகளுக்கு அடியில் இன்னொரு சோதனைப் பட்டை மிச்சம் இருந்தது. காலையில் எழுந்ததும் சோதித்தேன். எப்போதும் வருகிற கோடு தெரிவதற்கு முன்பே மற்ற கோடு வந்து நின்றது. டார்ச்சுக்கு வேலையே இல்லை.

சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாள் ஸ்கேனில் கரு 3 மில்லிமீட்டர், துடிப்பு தெரியவில்லை. டாக்டர் கடைசி பீரியட்ஸ் தேதியை வைத்து 9 வாரம் என்று கணக்குப் போட்டு, “9 வாரத்துக்கு இது ரொம்பச் சின்னது, வளர்ச்சி நின்றிருக்கலாம்” என்றார். “எனக்கு ஒழுங்கா வராது டாக்டர்” என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு 9 என்றே எழுதினார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்தப் பத்து நாளில் இரண்டு நாள் லீவு கேட்டேன். மேலாளருக்குக் காரணம் வேண்டுமாம். “உடம்பு சரியில்லை” போதாதாம், உடம்புக்கு என்ன என்று எழுத வேண்டுமாம். அதே அலுவலகத்தில் ஒருவர் முதுகு வலி என்று ஒரு வாரம் போய் முகம் கறுத்துத் திரும்பி வந்தார், அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சரி, அது வேறு கதை.

பத்தாம் நாள் கரு 12 மில்லிமீட்டர், துடிப்பு தெளிவாக இருந்தது. நடந்தது இவ்வளவுதான்: கருமுட்டை வெளிவந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில்தான் அடுத்த பீரியட்ஸ் வரும். சுழற்சி நீளமாக இருப்பவர்களுக்கு அதிகமாக நீளுவது முட்டை வெளிவருவதற்கு முந்தைய பகுதி. எனக்கு அந்தத் தடவை முட்டை 34ஆம் நாள் வாக்கில்தான் வெளிவந்திருக்கிறது. 41ஆம் நாள் நான் சோதித்தபோது கரு ஒட்டியே இருந்திருக்காது. ஒட்டிய பிறகுதான் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் சுரக்கும், பட்டை அதைத்தான் பார்க்கிறது. கர்ப்ப வாரத்தை முட்டை வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே எண்ணுவார்கள், அந்தக் கணக்கில் முதல் ஸ்கேன் அன்று என் கரு 6 வாரக் கரு. 6 வாரத்துக்கு அது சின்னது இல்லை. கரு 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியாவிட்டால் குறைந்தது ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்றே மருத்துவ வழிகாட்டுதல் இருக்கிறது. டாக்டர் காத்திருக்கச் சொன்னது சரிதான். அந்த “நின்றிருக்கலாம்” என்ற வார்த்தையைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பீரியட்ஸ் தேதியிலிருந்து நாள் எண்ணுவதை விடுங்கள், நம் மாதிரி ஆட்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. பாதுகாப்பு இல்லாமல் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து, காலை முதல் சிறுநீரில் சோதியுங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பீரியட்ஸ் வரவழைக்கும் மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாகப் போடாதீர்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் தினமும் போடலாம், பாசிட்டிவ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பம் இல்லை என்றே ஆனாலும், மூன்று மாதமாக வரவில்லை என்றால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி என்கிறார்களே, அது) எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும், போய்விடுங்கள்.

இதைச் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்பார்கள், சொல்லட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கூடவே ரத்தக் கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் என்று வந்தால் 21 நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போங்கள். கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அப்படி வரும்.

45 நாள் என்றீர்கள், நெகட்டிவ் என்றீர்கள், கடைசியாகச் சேர்ந்தது எப்போது என்று மட்டும் எழுதவில்லை. காலண்டரில் அந்த நாளைப் பாருங்கள். 21 தாண்டியிருந்தால் நாளைக் காலையே சோதியுங்கள். காய்ந்த பிறகு குப்பையிலிருந்து எடுத்துப் பார்க்காதீர்கள்.