ராஜாவும் சட்டமும் வருவதற்கு முன்னால்: கேள்வி பதில்

சட்டக் கல்லூரி மாணவி: சார், 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவஞானி ஹாப்ஸ் சொல்கிற 'இயற்கை நிலை', அதாவது அரசும் சட்டமும் இல்லாத நிலை, எந்தக் காலம்? தேர்வில் என்ன எழுதுவது?

காலம் எதையும் எழுதிவிடாதீர்கள், மார்க் போய்விடும். உலகம் முழுக்க அப்படி ஒரு நிலை இருந்ததாக நான் நம்பவில்லை என்று தன் 'லெவயதன்' புத்தகத்தின் 13ஆம் அத்தியாயத்தில் அவரே எழுதிவிட்டார். அமெரிக்கப் பழங்குடிகளை உதாரணம் காட்டுகிறார், அங்கே அவர் போனதே இல்லை. அவரை ஆட்டிவைத்தது இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர். 1640இல் பாரிசுக்குத் தப்பி ஓடினார், 1649இல் மன்னர் முதலாம் சார்லசின் தலையை வெட்டினார்கள், 1651இல் புத்தகம் வந்தது. அரசு வருவதற்கு முன் என்ன இருந்தது என்பதைவிட, இருக்கிற அரசு கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை.

மதுரைக்காரன்: மனிதன் பிறவியிலேயே கெட்டவன் என்றுதானே ஹாப்ஸ் சொன்னார்?

பாதிப் பேர் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் வாதம் அதைவிடக் கூர்மையானது. நோஞ்சானும் பலசாலியைத் தந்திரத்தாலோ ஆள் சேர்த்தோ கொன்றுவிட முடியும், அந்த வகையில் எல்லோரும் சமம். காவலுக்கு யாரும் இல்லாதபோது நீங்கள் முந்திக்கொள்வீர்களோ என்று எனக்குப் பயம், நான் முந்துவேனோ என்று உங்களுக்குப் பயம், ஆக இரண்டு பேருமே நல்லவர்களாக இருந்தாலும் கையில் கத்தி வந்துவிடும். நம்ப முடியவில்லையா? சட்டமும் அதிகாரிகளும் இருக்கும்போதே ராத்திரி கதவைத் தாழ்போடுகிறாய், வீட்டுக்குள் பெட்டியையும் பூட்டுகிறாய், அப்படியானால் உன் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

புத்தகப்புழு: ஹாப்ஸுக்குப் பின் வந்த ஆங்கிலத் தத்துவஞானி லாக்கும் இதையேதானே சொல்கிறார்?

இல்லை. அரசு இல்லாவிட்டாலும் நியாயம் எது என்று பகுத்தறிவு சொல்லும், உழைத்துப் பறித்த ஆப்பிள் பறித்தவனுக்கே சொந்தம் என்பது லாக். சிக்கல் என்னவென்றால் பொது நீதிபதி கிடையாது, தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதைத் தீர்க்கத்தான் அரசு, தவறினால் கலைத்துவிடலாம். அழகான வாதம். ஆனால் ஆதியில் உலகமே அமெரிக்காவாக, அதாவது காசு என்பதையே அறியாததாக, இருந்தது என்று எழுதிய அதே மனிதர் கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக வேலை பார்த்தவர். உழுது பயிரிடாத நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லை என்ற கருத்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காட்டுப்பூ: பிரெஞ்சில் எழுதிய தத்துவஞானி ரூசோ காட்டுக்கே திரும்பிப் போகச் சொன்னாரே?

சொல்லவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர்தான் ரூசோவிடம், உங்கள் புத்தகத்தைப் படித்தால் நாலு காலில் நடக்க ஆசை வருகிறது என்று 1755இல் கிண்டலடித்தார், அது ஒட்டிக்கொண்டுவிட்டது. ரூசோவுக்குப் பிடித்தது தனியாகத் திரிந்த ஆதி மனிதன்கூட இல்லை, குடிசை போட்டுச் சேர்ந்து வாழத் தொடங்கிய இடைக்காலம். அப்புறம்தான் ஒருவன் வேலி போட்டு 'இது என்னுடையது' என்கிறான், மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

பழைய ஏடு: ஐயா, இந்தியாவில் இதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லையா?

நிறைய. எனக்குப் பிடித்தது பௌத்தர்களின் அக்கஞ்ஞ சுத்தம் என்ற பாலி மொழி உபதேசம். காட்டில் உமியில்லாமல் தானாக விளைந்த நெல்லைப் பறித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மக்களில் ஒரு சோம்பேறி, இரண்டு வேளை ஏன் நடக்க வேண்டும் என்று சேர்த்து அள்ளி வந்துவிடுகிறான். அவனைப் பார்த்து இன்னொருவன் இரண்டு நாளைக்கு, அடுத்தவன் நாலு நாளைக்கு. நெல்லில் உமி வருகிறது, வயலுக்கு வரப்பு வருகிறது, திருட்டு வருகிறது, கடைசியில் நெல்லில் பங்கு தருகிறோம், நீ தண்டனை கொடு என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரூசோவின் வேலியை நினைத்துப் பாருங்கள்.

அர்த்தசாஸ்திரத்திலும் உண்டு: பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலையில் தவித்த மக்கள் மனுவை அரசனாக்கி, தானியத்தில் ஆறில் ஒரு பங்கும் சரக்கில் பத்தில் ஒரு பங்கும் தந்தார்களாம். இதை யார் சொல்கிறார்கள் தெரியுமா? ஒற்றர்கள்! கூட்டத்தில் ஒரு ஒற்றன் அரசனைத் திட்ட வேண்டும், இன்னொருவன் இந்தக் கதையைச் சொல்லி அவன் வாயை அடைக்க வேண்டும். இந்தக் கதைகளை எதற்காகச் சொன்னார்கள் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஐரோப்பாவில் யாரும் எழுதவில்லை.

சந்தேகம்: சரி, கடைசியில் யார் சொன்னது உண்மை?

முழுசாக யாரும் இல்லை. சூடானில் ஜெபல் சஹாபா என்ற இடத்தில் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழிகள் இருக்கின்றன, பல எலும்புகளில் ஆயுதக் காயம், ஆறி மறுபடி பட்ட காயங்களும் உண்டு. இது ஹாப்ஸ் பக்கம். அங்கிருந்து வெகு தெற்கே, இன்றைய தென்சூடானில் வாழும் நூயர் மக்களிடம் 1930களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட், தலைவனோ போலீஸோ இல்லாமல் ரத்த உறவுக் கூட்டங்களும் மாடுகளை நஷ்டஈடாகக் கொடுக்கும் வழக்கமும் சண்டையை ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்ததை எழுதினார். ரூசோ சொன்ன, தனியாளாகத் திரிந்த மனிதன் மட்டும் எங்கேயும் அகப்படவில்லை.

வரி கட்டுபவன்: மக்கள் ஒப்பந்தம் போட்டுத்தான் அரசை உண்டாக்கினார்கள் என்கிறார்கள், நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லையே?

ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஹியூம் 1748இல் உங்கள் கட்சிதான். பெரும்பாலான அரசுகள் படையெடுப்பிலோ ஆட்சியைப் பறித்தோ வந்தவை என்றார். நாட்டில் இருப்பதே சம்மதம் என்பது, தூங்குகிறவனைக் கப்பலில் ஏற்றிவிட்டு, நீ கடலில் குதிக்கவில்லையே, அதனால் கேப்டனுக்குக் கட்டுப்பட ஒப்புக்கொண்டாய் என்பது போல என்றும் எழுதினார். லாக்கைக் கேட்டால் ரோட்டில் நடந்தாலே சம்மதம் என்பார். வரித்துறை லாக் பக்கம்தான்.