எதிர்ச் சுவரையே வரையுங்கள்

கேள்வி: சிறிய ஊரில் இருந்தவரை ஆறு, மரம், மலை என்று நீர்வண்ணத்தில் ஓயாமல் வரைந்துகொண்டிருந்தேன். வேலை நிமித்தமாகப் பெருநகரத்துக்கு வந்த பிறகு தூரிகையைத் தொடவே மனம் வரவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சாம்பல் நிறச் சுவரும் கழிவுநீர்க் குழாயும்தான். காலையும் மாலையும் நெரிசலில் பயணம். பழைய புகைப்படங்களை வைத்து ஊரையே வரைந்துகொண்டிருக்கலாமா? பயணத்தில் மனிதர்களை வரைய ஆசை உண்டு. ஆனால் கேட்காமல் ஒருவரை வரைவது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் சலிப்போடு எழுதிவிட்டுப் போன ஒரு வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. சாம்பல் நிறச் சுவர், அதன்மேல் ஒரு குழாய். அதையே வரையுங்கள். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓவியருக்கு நகரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய வசதி, தினமும் கண்ணில் படும் ஒரே காட்சி. ஆற்றங்கரைக்கு நீங்கள் தேடிப்போக வேண்டியிருந்தது. இந்தச் சுவர் நீங்கள் எழும்போதே எதிரில் நிற்கிறது.

கமீல் பிஸாரோ என்ற ஓவியரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். வயல், தோட்டம், கிராமத்துப் பாதை என்று வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். முதுமையில் கண்ணில் தீராத தொற்று வந்து, காற்றிலும் தூசியிலும் நின்று வரைய முடியாமல் போயிற்று. 1897 பிப்ரவரியில், 66 வயதில், பாரிஸில் ஒரு ஹோட்டல் அறை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே தெரிந்த மோன்மார்த்ர் பெருஞ்சாலையை வரைய ஆரம்பித்தார். மூடுபனிக் காலை, மழை, வெயில், திருவிழாக் கூட்டம் என்று அந்த அறையிலிருந்து மட்டும் ஏராளமான ஓவியங்கள், பெரும்பாலும் அதே சாலை. அவற்றுள் இரவுக் காட்சி ஒன்றே ஒன்று. தெருவின் நடுவே மின்விளக்குகளின் வெளிறிய வெண்மை, கடை ஜன்னல்களில் எரிவாயு விளக்கின் மஞ்சள், ஈரத்தரையில் இரண்டும் கரைந்து கிடக்கின்றன. உற்றுப் பார்த்தால் வரிசையாக நிற்கும் வண்டிகள் வெறும் தூரிகைத் தீற்றல்கள். அந்த ஓவியத்தில் அவர் கையெழுத்துக்கூட இடவில்லை. உயிரோடு இருந்தவரை காட்சிக்கும் வைக்கவில்லை. இன்று அது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதே ஆண்டின் இறுதியில் வேறொரு ஹோட்டல் ஜன்னலில் இருந்தபடி மகனுக்கு எழுதிய கடிதத்தில், எல்லோரும் அசிங்கம் என்று ஒதுக்கும் இந்தத் தெருக்களில் எத்தனை வெள்ளி ஒளி, எத்தனை உயிர் என்று அவர் பூரித்துப்போயிருக்கிறார். வயலை வரைந்து பழகிய கை என்பதால்தான் தெருவில் அவருக்கு அந்த ஒளி தென்பட்டது என்று நான் நம்புகிறேன். உங்கள் கையும் அப்படிப் பழகிய கைதான்.

இனி சுவருக்கு வருகிறேன். சாம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். வெயில் நேராக விழும்போது அதே சுவரில் மஞ்சள் ஏறியிருக்கும். வெயில் விலகியதும் வானத்தின் ஒளி மட்டுமே அதில் படுவதால் நீலம் படரும். பக்கத்தில் செங்கல் நிறக் கட்டடம் ஏதாவது இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி சுவரின் ஓர் ஓரத்தைச் சிவக்க வைக்கும். குழாயின் நிழலைக் கவனியுங்கள். குழாய் சுவரை ஒட்டிப் போகும் இடத்தில் நிழலின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் இருக்கும். சுவரைவிட்டுத் தள்ளி வளையும் இடத்தில் அந்த விளிம்பு கலங்கிவிடும். இணைப்புகளுக்குக் கீழே துருவும் ஈரமும் வழிந்த கறை, பழுப்பில் தொடங்கிப் பாசிப் பச்சையில் போய் முடியும். இத்தனையையும் வரைய டியூபில் வரும் கறுப்பைத் தொடாதீர்கள், சுவர் செத்துவிடும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து பாருங்கள். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். சுவரின் எல்லா வேளைகளும் அநேகமாக இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

வேலைக்குக் கிளம்பும் முன் உங்களுக்கு நேரம் குறைவு என்று தெரியும். சூரியன் ஒரு மணி நேரத்தில் வானத்தில் 15 பாகை நகர்ந்துவிடுகிறது. நிழலும் உங்களுக்காகக் காத்திருக்காது. ஆகவே உள்ளங்கை அளவுத் தாள் போதும். முதலில் நிழலின் வடிவத்தைக் கோட்டில் பிடித்துவிடுங்கள். பிறகு நிழல் எங்கே நகர்ந்தாலும் அந்தக் கோட்டை மாற்றாதீர்கள். மாலையில் திரும்பி வந்ததும் அதே சுவரை இன்னொரு தாளில் வரையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நகரத்தில் வரைய ஒன்றுமில்லை என்ற எண்ணம் உங்களிடம் மிஞ்சாது.

புகைப்படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊர் நினைவுக்காக எப்போதாவது வரையலாம், தவறே இல்லை. அதையே முழுநேரமும் செய்ய வேண்டாம். வெயில் காட்சியில் கேமரா பெரும்பாலும் வானத்தை வெளுக்கவிட்டு நிழலை இருட்டாக்கிவிடுகிறது. நிழலுக்குள் கண் காணும் நிறங்கள் படத்தில் இருப்பதில்லை. இல்லாததைப் பார்த்துப் பார்த்து வரைந்தால் கைக்குப் பழைய ஓவியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

பயணம்தான் எனக்கு நெருக்கமான விஷயம். நெரிசலை நீங்கள் இழப்புக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். சம்பளமில்லாமல் இத்தனை பேர் உங்கள் முன் அமர்ந்திருக்கிறார்களே! மேல்கம்பியைப் பற்றிய கையில் மணிக்கட்டு மடங்கும் விதம், தூங்குபவரின் தாடை மார்பில் சாயும் கோணம், போனைக் குனிந்து பார்ப்பவரின் கழுத்து வளைவு. முகத்தில் தொடங்காதீர்கள், தோளில் தொடங்குங்கள். அவர் அசைந்துவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு அதே பக்கத்தில் அடுத்தவரைத் தொடங்குங்கள். மனிதர்கள் பழகிய நிலைக்குத் திரும்ப வருவார்கள், விட்ட இடத்தில் நீங்களும் தொடரலாம். வண்டியில் வண்ணம் வேண்டாம். பேனாவால் வரைந்து, ஓரத்தில் நிறங்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரவுப் பயணமானால் தெருவிளக்கையும் குறித்துவையுங்கள். பழைய ஆரஞ்சு நிறச் சோடியம் விளக்கின் கீழே சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பாகத் தெரியும். எல்இடி விளக்கின் கீழே வந்ததும் இரண்டும் பிரிந்துவிடும்.

கேட்காமல் வரைவது சரியா என்று தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். அது உங்களிடம் இருப்பதாலேயே நீங்கள் வரையலாம் என்று சொல்கிறேன். பொது இடத்தில் ஒருவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று உங்கள் புத்தகத்தில் வரைவது அவரைப் புண்படுத்தாது. உற்று உற்றுப் பார்ப்பதுதான் சங்கடப்படுத்தும். ஒரு பார்வை பார்த்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு வரையுங்கள், நினைவாற்றலும் வளரும். அழுகிறவரையும் நோயில் துவண்டிருப்பவரையும் நான் வரைவதில்லை. முகம் அடையாளம் தெரிகிற படத்தை அவரைக் கேட்காமல் எங்கும் வெளியிடவும் மாட்டேன். யாராவது கவனித்துவிட்டால் மறைக்காதீர்கள், புத்தகத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் மன்னிப்புக் கேட்டுப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஆனால் பெரும்பாலானோர் சிரித்துவிட்டு, மூக்கு சரியாக வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். படத்தைக் கேட்பவர்களும் உண்டு. தாளைக் கிழித்துக் கொடுக்க மனம் வராவிட்டால், போனில் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.