மேக்ஃபைலில் இந்த வரி யாருக்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் கிடைத்த ஒரு மேக்ஃபைலை (நிரலை எப்படிக் கட்டுவது என்று மேக் என்ற கருவிக்குச் சொல்லும் கோப்பு) என் ப்ராஜெக்டில் ஒட்டினேன். ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று நின்றுவிட்டது. வரி ஆரம்பத்தில் ஸ்பேஸ் கூடாது, டேப்தான் வேண்டும் என்றார்கள். தேடி மாற்றும் செட் (sed) கட்டளை போட்டு கோப்பு முழுக்க 4 ஸ்பேஸை டேப்பாக மாற்றினேன். இப்போது ‘சிஎஃப்ளாக்ஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. கண்ணுக்கே தெரியாத ஓர் எழுத்தை வைத்து 1976இல் யாரோ செய்த முட்டாள்தனத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இந்தத் தொல்லையே இல்லாமல் இருக்க எந்த எடிட்டர் நல்லது? கோப்பைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எடிட்டர் எதுவானாலும் சரி. மேக்ஃபைலில் மட்டும் டேப்பை ஸ்பேஸாக்காதே என்று அதற்குச் சொல்லி வையுங்கள், போதும். விம் எடிட்டர் என்றால் நோஎக்ஸ்பேண்ட்டேப் என்ற அமைப்பு, மற்றவற்றுக்கு எடிட்டர்கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் இரண்டு வரி. டேப்புக்குப் பதில் வேறு குறி வைத்துக்கொள்ள குனு மேக்கில் (மேக்கின் பரவலான வடிவம்) 3.82இலிருந்து வசதி இருக்கிறது, ஆனால் ஆப்பிள் கணினிகளோடு வருவது 3.81. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது நீங்கள் கோப்பு முழுக்க மாற்றினேன் என்று கூசாமல் எழுதியதைப் படித்தபோது. பிழைச் செய்தியிலேயே வரி எண் இருக்கிறதே, அந்த வரிக்குப் போய்ப் பார்க்க என்ன கேடு? இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான், பார்ப்பதற்கு முன்னால் மாற்றிவிடுகிறார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். மேக்ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, “இது யாருக்கு?” என்பார். மேக்குக்கா, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கா? அவ்வளவுதான் கேள்வி. எரிச்சலாக இருக்கும். ஆனால் மேக்ஃபைலில் இருக்கிற விஷயமே அதுதான். ஒரு டார்கெட்டுக்கு (மேக்கை உருவாக்கச் சொல்வதன் பெயர்) கீழே டேப்பில் தொடங்கும் வரியை மேக் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை, ஷெல்லிடம் கொடுத்துவிடுகிறது. ஸ்பேஸில் தொடங்கினால் தானே படிக்கப் பார்க்கிறது. உங்கள் கோப்பில் ஒரு டார்கெட்டின் கட்டளைகள் முடிந்ததும் ஒரு இஃப்ஈக்யூ (இரண்டும் சமமா என்று பார்க்கும் நிபந்தனை), அதற்குள் 4 ஸ்பேஸ் தள்ளி சிஎஃப்ளாக்ஸ் என்ற மாறிக்கு மதிப்பு தரும் வரி. அது மேக்குக்கான வரி, ஸ்பேஸோடு சரியாகத்தான் இருந்தது. நீங்கள் டேப் வைத்ததும் அது ஷெல்லிடம் போய், ஷெல் அப்படி ஒரு கட்டளையைத் தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டது.

இதுவாவது கத்திச் சொல்கிறது. கத்தாததுதான் ஆபத்து. பில்ட் என்று ஒரு டார்கெட், அதன் கீழே ஸ்பேஸ் வைத்து ‘சிசி=கிளாங் ./கன்ஃபிகர்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் மனதில் அது, கிளாங் என்ற கம்பைலரை வைத்துக் கன்ஃபிகர் நிரலை ஓட்டு என்கிற ஷெல் கட்டளை. மேக் அதில் சமக்குறியைப் பார்த்ததும், ஓஹோ, கம்பைலர் பெயரை வைத்திருக்கும் சிசி என்ற மாறிக்கு மதிப்பு தருகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். பிழையே வராது. பில்டை ஓட்டினால் செய்ய ஒன்றுமில்லை என்று சமர்த்தாகச் சொல்லும். அப்புறம் அதே கோப்பில் வேறெங்கோ ஒரு சி நிரலைக் கம்பைல் செய்யும்போது ‘கிளாங் ./கன்ஃபிகர்’ என்பதையே கம்பைலராக நினைத்துக் கூப்பிடும். நீங்கள் அங்கே போய் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள், குற்றவாளி இங்கே உட்கார்ந்திருப்பான்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்கிறீர்கள். யார் சொன்னது? லினக்ஸில் கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையோடு -ஏ (பெரிய எழுத்து) கொடுத்துப் பாருங்கள், டேப் இருக்கும் இடமெல்லாம் ஒரு தொப்பிக் குறியும் பெரிய ஐ எழுத்துமாக வந்து நிற்கும், ஸ்பேஸ் ஸ்பேஸாகவே இருக்கும். விமில் லிஸ்ட் என்று செட் பண்ணினாலும் இதேதான்.

முட்டாள்தனம் என்றீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் அப்போதுதான் லெக்ஸ் (எழுத்து வரிசைகளைப் பொருத்திப் பார்க்கும் நிரல்களை உருவாக்கித் தரும் கருவி) பழகிக்கொண்டிருந்தார். புது வரி, உடனே டேப் என்று பொருத்துவது சுலபமாக இருந்தது, வைத்துவிட்டார். சில வாரங்களில் ஒரு டஜன் பேர் போல அதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்கள் கோப்புகள் உடையக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார். இதை அவரே சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பேருக்காகத் தயங்கிய மனிதரைத் திட்டுகிறவர், தன் ஒருவருடைய கோப்பில் எது எதற்கு என்று பார்க்கவில்லை. அந்த மேக்குக்காக 2003இல் கணினித் துறைச் சங்கமான ஏசிஎம்மின் விருதும் கொடுத்தார்கள், அது கிடக்கட்டும்.

மனம் தளர வேண்டாம். ஒரு நாள் போனால் போகட்டும், எல்லோருக்கும் போயிருக்கிறது. பழைய கோப்பை மீட்டெடுங்கள், மேக் காட்டும் வரியை மட்டும் திருத்துங்கள், மறுபடி ஓட்டுங்கள், அடுத்ததைக் காட்டும். அதற்கும் மசியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், ஆனால் தயவுசெய்து இணைப்பாக அனுப்புங்கள். இந்த முறை கடிதத்திலேயே ஒட்டிவிட்டதால் டேப் எல்லாம் வழியிலேயே ஸ்பேஸாக மாறி வந்திருக்கிறது, நான் எதைப் பார்த்துச் சொல்ல?