சீசன் முடிவில் எதிரணி நண்பரைக் கலாய்ப்பது: இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

கேள்வி: எங்கள் நண்பர் குழுவில் ஆர்சனல், ஸ்பர்ஸ் (டாட்டன்ஹாம்), லிவர்பூல், மான்செஸ்டரின் இரண்டு அணிகள் (யுனைடெட், சிட்டி) என எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. மே மாதம் வந்தால் கிண்டல் சண்டையில் போய் முடிகிறது. இங்கிலாந்தில் ரசிகர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்:

சண்டை பெரும்பாலும் மூன்று இடங்களில் தொடங்கும். கணக்கு தப்பாக இருக்கும், நேரம் தப்பாக இருக்கும், அல்லது தொடக்கூடாத விஷயத்தைத் தொட்டிருப்பார்கள். மூன்றையும் இங்கிலாந்து உதாரணங்களோடு சொல்கிறேன்.

கணக்கில் ஆரம்பிக்கலாம். பிரீமியர் லீகில் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 மேட்ச், வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. கடைசி மூன்று அணிகள் அடுத்த கீழ் லீகான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கும் (ரெலிகேஷன்). புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள், அதுவும் சமமானால் அடித்த கோல்களின் எண்ணிக்கை. அங்கே மே மாதத்துக் கேலி முழுக்க இந்தப் புள்ளி டேபிளைச் சுற்றித்தான் நடக்கும். எதிராளியின் சீசனை அவரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்தான் நன்றாகக் கலாய்க்க முடியும்.

வடக்கு லண்டனில் இந்தக் கணக்குக்கென்று ஒரு பண்டிகையே உண்டு. ஆர்சனல் ரசிகர்கள் அதற்கு செயின்ட் டாட்டரிங்ஹாம்ஸ் டே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிலையான தேதி கிடையாது. இனி எத்தனை மேட்ச் ஜெயித்தாலும் டாட்டன்ஹாம் ஆர்சனலைத் தாண்ட முடியாது என்று உறுதியாகும் நாள்தான் அது. கணக்கு எளிது. மீதமிருக்கும் மேட்ச்களை 3-ஆல் பெருக்கி, எதிரணியின் இப்போதைய புள்ளியோடு கூட்டுங்கள். வரும் எண் நம் புள்ளியைவிடக் குறைவாக இருந்தால் அறிவிக்கலாம். நம் கையில் 70, அவர்களிடம் 60, மூன்று மேட்ச் பாக்கி என்றால் 60 + 9 = 69; பண்டிகை வந்துவிட்டது. அவர்களிடம் 61 இருந்தால் இன்னும் வரவில்லை, ஏனென்றால் 70-க்கு 70 வந்தால் கோல் வித்தியாசத்துக்குப் போகும். இந்த ஒரு புள்ளியைக் கவனிக்காமல் முந்திக்கொள்பவர்கள்தான் அடுத்த வாரம் மாட்டிக்கொள்கிறார்கள். தள்ளிவைக்கப்பட்ட மேட்ச் ஏதாவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; இரு அணிகளும் ஆடிய எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் டேபிளில் தெரியும் இடைவெளி ஏமாற்றும்.

அந்தப் பண்டிகை கடைசி நாள் வரை இழுத்த வருடம் 2016. கடைசி மேட்ச்சுக்கு முன் ஸ்பர்ஸிடம் 70 புள்ளி, ஆர்சனலிடம் 68. ஸ்பர்ஸுக்கு ஒரு டிரா போதும். எதிரே, ஏற்கெனவே ரெலிகேட் ஆகிவிட்ட நியூகாசில். 67-வது நிமிடத்தில் நியூகாசிலின் மிட்ரோவிச் ரெட் கார்டு வாங்கி வெளியே போனபோது ஸ்கோர் 2–1. பத்துப் பேரோடு ஆடிய அந்த அணி அதற்கு மேலும் மூன்று கோல் போட்டு 5–1 என்று முடித்தது. ஆர்சனல் ஆஸ்டன் வில்லாவை 4–0 என்று வென்று 71 புள்ளியோடு இரண்டாம் இடத்துக்கு ஏறியது. சாம்பியன் லெஸ்டர். பல வாரங்களாக லெஸ்டரும் ஸ்பர்ஸும்தான் டைட்டிலுக்கு ஓடுவதாகப் பேச்சு இருந்ததால், "ரெண்டு பேர் ஓடின பந்தயத்துல மூணாவதா வந்தீங்களே!" என்ற வரி பிறந்தது. நல்ல கேலிக்கு இதை உதாரணமாகச் சொல்வேன். ஒரே வரி, முழு உண்மை, ஆட்டத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

ஸ்பர்ஸ் ரசிகர்களுக்கும் பதிலடி கிடைக்காமல் போகவில்லை. 1995-க்குப் பிறகு முதன்முறையாக 2017-ல் ஆர்சனலுக்கு மேலே முடித்தார்கள். தொடர்ந்து ஆறு சீசன் அப்படியே. 2025-ல் நிலைமை இன்னும் சுவாரசியம். லீகில் 38 புள்ளியோடு 17-வது இடம், 22 தோல்வி. ஆனால் மே 21 அன்று பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினார்கள். 2008 லீக் கப்புக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. ஆர்சனலோ 2023, 2024, 2025 என மூன்று சீசன் வரிசையாக இரண்டாம் இடம். "பதினேழாவது!" என்று ஒருவர் ஆரம்பித்தால், "கோப்பை எங்கே?" என்று மற்றவர் முடிக்கலாம். இரண்டு பேர் கையிலும் சரக்கு இருக்கும் சீசனில் சண்டை வருவதே குறைவு. குழுவில் ஒருவரிடம் மட்டும் பதில் சொல்ல ஒன்றுமில்லாத வருடங்களில்தான் மற்றவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மான்செஸ்டரில் கேலிக்கு ஒரு பேனரே இருந்தது. 2011-க்கு முன் சிட்டி கடைசியாக வென்ற பெரிய கோப்பை 1976 லீக் கப். அன்றிலிருந்து எத்தனை வருடம் என்று எண்ணும் பேனரை யுனைடெட் ரசிகர்கள் தங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபர்டில் தொங்கவிட்டு, வருடா வருடம் எண்ணை மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2011 மே 14 அன்று சிட்டி ஸ்டோக்கை 1–0 என்று வென்று எஃப்ஏ கப்பை எடுத்ததும் 35 வருடக் கணக்கு முடிந்து பேனர் இறங்கியது. அதே நாளில் யுனைடெட் தன் 19-வது லீக் டைட்டிலை உறுதி செய்து லிவர்பூலின் 18-ஐத் தாண்டியது. ஒரே நாளில் மூன்று அணி ரசிகர்களுக்கும் பேச்சு கிடைத்தது. லிவர்பூல் 2025-ல் 20-ஐ எட்டி யுனைடெட்டைச் சமன் செய்ததால் அந்த எண்ணிக்கைப் போட்டி மறுபடி உயிர்பெற்றது.

கோல் வித்தியாசம் என்ற ஆயுதத்தின் வலிமை புரிய 2012-ஐப் பார்க்க வேண்டும். சிட்டி, யுனைடெட் இரண்டுக்கும் 89 புள்ளி. சிட்டி 93 கோல் அடித்து 29 வாங்கியது, அதாவது +64. யுனைடெட் 89 அடித்து 33 வாங்கியது, +56. கடைசி நாளில் 93-வது நிமிடத்தைத் தாண்டி சிட்டியின் அகுவேரோ அடித்த கோல் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் சிட்டி ரசிகர் நினைவூட்ட வேண்டிய மேட்ச் முந்தைய அக்டோபரில் ஓல்ட் டிராஃபர்டில் நடந்த 6–1. அது 1–0 என்று முடிந்து மற்ற முடிவுகள் அப்படியே இருந்திருந்தால், இரண்டு அணிகளும் 88 கோல் அடித்து 28 வாங்கி, புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் என எல்லாவற்றிலும் சமமாக நின்றிருக்கும்! கூட்டிக் கழித்துப் பாருங்கள். இப்படி ஒரு கணக்கைக் கையில் வைத்திருப்பவரோடு யுனைடெட் ரசிகரே ஆசையாக உட்கார்ந்து பேசுவார்.

கடைசி நாளில் பத்து மேட்ச்சும் ஒரே நேரத்தில் தொடங்கும். இன்னொரு முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் ஆடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதனால்தான் அன்று மைதானத்தில் பாதிக் கூட்டம் போனில் இருக்கும், எங்கோ விழுந்த கோலுக்கு இங்கே ஆரவாரம் எழும். 2012-ல் யுனைடெட் சண்டர்லாண்டை 1–0 என்று வென்றுவிட்டு, சிட்டி மேட்ச் முடியட்டும் என்று மைதானத்திலேயே காத்திருந்தது. அகுவேரோ கோல் செய்தி வந்ததும், தங்கள் அணி தோற்றிருந்தும் சண்டர்லாண்ட் ரசிகர்கள் முதுகைக் காட்டித் தோள்மேல் கைபோட்டுக் குதித்தார்கள். சிட்டி ரசிகர்களின் வழக்கமான அந்த ஆட்டத்துக்கு போஸ்னான் என்று பெயர்.

மைதானக் கோஷங்களும் இதே மாதிரி சின்னதுதான். தோற்கும் அணியின் ஆட்கள் சீக்கிரம் கிளம்பினால், "தீ விபத்து ஒத்திகையா நடக்குது?" எதிரணி மேனேஜரைப் பார்த்து, "நாளைக்குக் காலையில உங்களுக்கு வேலை போச்சு." ஐந்து கோல் போட்டபின், "வாரா வாரம் உங்ககூடவே ஆடலாமா?" நீளமாக விளக்க வேண்டியிருந்தால் அது கேலியாகாது.

பேனர் வாசகங்களில் 2009-ஐ மறக்க முடியாது. நியூகாசில் கடைசி நாளில் ஆஸ்டன் வில்லாவின் மைதானமான வில்லா பார்க்கில், தன் வீரர் டாமியன் டஃப்பின் ஓன் கோலால் 1–0 என்று தோற்று இறங்கியது. அந்த சீசனை கெவின் கீகன் மேனேஜராகத் தொடங்கி செப்டம்பரில் விலகினார். கடைசி எட்டு மேட்ச்சுக்கு ஆலன் ஷியரரை மீட்பராக அழைத்து வந்தார்கள். வில்லா ரசிகர்கள் தூக்கிய பேனர்: "உங்கள் அடுத்த மீட்பர் யார், ஆண்டா டெக்கா?" ஆண்ட்டும் டெக்கும் நியூகாசிலைச் சேர்ந்த டிவி தொகுப்பாளர் ஜோடி. ஊரைத் தெரிந்தவரால்தான் இப்படி எழுத முடியும். 2016-ல் வில்லா 17 புள்ளியோடு கடைசி இடத்தில் இறங்கியது. நியூகாசிலும் அதே சீசனில்தான் கூடவே இறங்கியது.

ஒரு தர்மசங்கடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் வெற்றி எதிரிக்கு உதவுமானால் என்ன செய்வது? 2024 மே 14 அன்று ஸ்பர்ஸ் தங்கள் மைதானத்தில் சிட்டியை எதிர்கொண்டது. ஜெயித்தால் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு உயிரோடு இருக்கும். ஆனால் டைட்டில் ஆர்சனல் பக்கம் சாய்ந்துவிடும். சிட்டி 1–0 என்று முன்னிலையில் இருந்தபோது ஸ்பர்ஸின் சன் தனியாகப் போய் அடித்த பந்தை சிட்டி கோல்கீப்பர் ஒர்டேகா காலால் தடுத்தார். கடைசியில் ஹாலண்டின் இரண்டு கோலால் 2–0. சிட்டி 91 புள்ளியோடு சாம்பியன், ஆர்சனல் 89. அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன நினைத்தாய் என்று ஸ்பர்ஸ் நண்பரைக் கேளுங்கள். ஒரு மாலை முழுக்க ஓடும்.

பந்தயத்துக்கு வருவோம். பணம் வேண்டாம். தோற்றவர் எதிரணி ஜெர்சி போட்டுப் படம் எடுப்பது, ஒரு வாரம் புரொஃபைல் படத்தை மாற்றுவது, எல்லோருக்கும் டீ வாங்கித் தருவது போதும். லெஸ்டர் 2016-ல் ஜெயித்தால் உள்ளாடையோடு நிகழ்ச்சி நடத்துகிறேன் என்று சொன்ன, அப்போதைய டிவி கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேரி லினேகர், அடுத்த சீசனின் முதல் நிகழ்ச்சியில் சொன்னபடியே செய்தார். சொன்னதைச் செய்வதுதான் பந்தயத்தின் உயிர். நிபந்தனைகளை ஆகஸ்டிலேயே எழுதி வையுங்கள்: எந்த டேபிள், எந்தத் தேதி, புள்ளி குறைப்பு சேருமா சேராதா. 2023–24 சீசனில் எவர்டனுக்கு முதலில் 10 புள்ளி குறைத்தார்கள், மேல்முறையீட்டில் அது 6 ஆனது, பிறகு இன்னொரு வழக்கில் 2 போனது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 4. "மைதானத்தில் சம்பாதித்தது எவ்வளவு" என்பதும் "டேபிளில் இருப்பது எவ்வளவு" என்பதும் அந்த வருடம் வேறு வேறு. இதை முன்பே பேசாத குழுக்களில் தகராறு வருவது இயல்பு.

இனி எல்லை. இதில் இங்கிலாந்தில் தயவு தாட்சண்யம் கிடையாது, இருக்கவும் கூடாது. 1958 மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் யுனைடெட் வீரர்கள். 1989 ஹில்ஸ்பரோ நெரிசலில் உயிரிழந்தவர்கள் 97 லிவர்பூல் ரசிகர்கள். 1985-ல் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேர், ஹெய்செல் மைதானத்தில் 39 பேர். இவற்றைப் பாட்டாக, சைகையாக, எண்ணாகக்கூடக் கேலியில் கொண்டுவருவது குற்ற வழக்கு வரை போகும். 2023 எஃப்ஏ கப் ஃபைனலில் ஹில்ஸ்பரோவைக் கேலி செய்யும் ஜெர்சி அணிந்து வந்தவருக்கு 1,000 பவுண்ட் அபராதமும் நான்கு வருட மைதானத் தடையும் விதிக்கப்பட்டன. இனத்தையும் பாலியல் நாட்டத்தையும் குறிவைக்கும் கோஷங்களும் வழக்காகும். "எல்லாம் சும்மா விளையாட்டுக்கு" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. உங்கள் குழுவிலும் எடுபட விடாதீர்கள்.

ஹில்ஸ்பரோ துயரத்துக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்ட ஆர்சனல்–லிவர்பூல் மேட்ச் 1989 மே 26 அன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்தது. ஆர்சனல் வீரர்கள் ஆட்டத்துக்கு முன் மலர்க்கொத்துகளை லிவர்பூல் ரசிகர்களிடம் கொடுத்தார்கள். பிறகு மைக்கேல் தாமஸின் கடைசி நிமிட கோலால் 2–0 என்று வென்று, புள்ளியும் கோல் வித்தியாசமும் சமமாகி, அடித்த கோல் கணக்கில் டைட்டிலை எடுத்தார்கள். அப்படியும் ஆன்ஃபீல்டில் கைதட்டினார்கள். அந்த இரவை லிவர்பூல் நண்பரிடம் கேலியாகப் பேசலாம், கோல் எண்ணிக்கையைப் பேசலாம். ஆட்டம் ஏன் அந்தத் தேதிக்குப் போனது என்பதை மட்டும் கேலியாக்கக் கூடாது.

நேரம் பற்றிக் கடைசியாக. டைட்டில் கை நழுவினால் விசில் ஊதிய மறுநிமிடமே கலாய்க்கலாம், அதை எதிர்பார்த்துத்தான் போனைத் திறப்பார்கள். ரெலிகேஷன் வேறு. அணி இறங்கினால் கிளப்பில் வேலை செய்பவர்களின் வேலையே போகும், நல்ல வீரர்கள் விற்கப்படுவார்கள், திரும்பி வர எத்தனை வருடம் என்று தெரியாது. அன்றிரவு "நல்லா போராடினீங்க" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, ஒரு நாளாவது பொறுங்கள். அந்த நண்பரே தன் அணியைப் பற்றி முதல் ஜோக்கைப் போடுவார். அதற்குப் பிறகு குழுவைத் திறந்துவிடலாம்.