பம்ப் ஓடுகிறது, வெந்நீர் வரவில்லை: நோட்டீஸ் யாருக்கு?

கேள்வி: புதிதாக வாங்கிய வீட்டில், குழாயைத் திறந்ததும் வெந்நீர் வரும் என்று சொல்லி சர்குலேஷன் பம்ப் (வெந்நீரைச் சுற்றுக் குழாயில் ஓடவிட்டு ஹீட்டருக்கே திருப்பும் பம்ப்) வைத்துக் கொடுத்தார்கள். மாடிக் குளியலறையில் இரண்டு நிமிடம் திறந்து விட்டால்தான் சூடு வருகிறது. கட்டிக் கொடுத்தவர், ‘பம்ப் கம்பெனியைக் கேளுங்கள்’ என்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் தாமதத்தை மட்டும் காட்டினால் வழக்கு நிற்காது. அது எதனால் என்று நிரூபிக்க வேண்டும். காரணத்தைப் பொறுத்தே பொறுப்பு யாருடையது என்பது முடிவாகும்.

பம்பில் யாரும் கை வைக்கும் முன் ஆதாரம் திரட்டுங்கள். பம்ப் எப்போது ஓட வேண்டும் என்று வைக்கும் டைமரைப் படம் எடுங்கள். பம்ப் ஓடும் நேரத்தில், அரை மணி நேரமாவது யாரும் வெந்நீர் எடுக்காமல் இருந்த பிறகு மாடிக் குழாயைத் திறந்து, சூடு வரும்வரை வருகிற தண்ணீரை அளவு போட்ட பக்கெட்டில் பிடித்து வீடியோ எடுங்கள். உள்விட்டம் 15 மி.மீ. உள்ள குழாயில் மீட்டருக்குச் சுமார் 0.18 லிட்டர் நிற்கும். சுற்றுக் குழாயிலிருந்து குளியலறைக்குப் போகும் கிளை 5 மீட்டர் என்றால், ஒன்றரை லிட்டருக்குள் சூடு வந்துவிட வேண்டும். பத்து லிட்டர் பிடித்தும் வரவில்லையா? சுற்றுக் குழாயிலேயே சூடு இல்லை.

அடுத்து, ஹீட்டருக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பம்ப் ஓடியும் அது சில்லென்று இருந்தால் காற்று அடைத்திருக்கலாம், வால்வு மூடியிருக்கலாம். ரிட்டர்ன் சூடாக இருந்து மாடி மட்டும் ஆறிக் கிடந்தால், சுற்றுக் குழாய்களுக்கிடையே ஓட்டத்தைச் சமன் செய்யாமல் விட்டிருக்கலாம். பம்புக்குப் பக்கத்துச் சுற்றே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறது. குழாயைத் திறந்தபின் சூடு குறைந்து வெதுவெதுப்பாகிறதா? செக் வால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) இல்லாமல் ரிட்டர்ன் வழியே குளிர்ந்த நீர் பின்னோக்கி வந்து கலப்பதாக இருக்கலாம். இவை பொருத்தியவரின் வேலைக் குறைகள்.

டைமரை நீங்களே அணைத்து வைத்திருந்தால் கேட்க ஒன்றுமில்லை. கிளையே நீளம் என்றால் ஒப்பந்தத்தில் என்ன சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. விவரக்குறிப்பு இணைப்பு, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேடி எடுங்கள்; வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம்.

பம்ப் கம்பெனியைக் கைகாட்டுவதை ஏற்காதீர்கள். வீட்டை உங்களுக்கு விற்றவர் கட்டிக் கொடுத்தவர்தான். பம்ப் அந்த வீட்டின் ஒரு பகுதி. மோட்டாரே பழுது என்றாலும் முதலில் அவரிடமே எழுதிக் கேளுங்கள். வாரண்டி அட்டை கூடுதல் வழி மட்டுமே.

குறைகளைச் சரிசெய்து தரும் காலம் பொதுவாக ஒப்பந்தத்தில் இருக்கும். அது முடிவதற்குள், சுதந்திரமான பிளம்பிங் பொறியாளரின் அறிக்கையோடு, சரிசெய்யக் கெடு தேதி குறித்து, ஒப்புகை பெறும் வழியில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவருடைய ஆட்களை உள்ளே விடுங்கள். நீங்களாக வேறு பிளம்பரை அழைத்துக் கழற்றினால், ‘கெடுத்தது நீங்கள்தான்’ என்று சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள். எல்லாக் குழாய்களிலும் மீண்டும் அளந்து பார்க்காமல் ‘வேலை திருப்தி’ என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

சரிசெய்யும் செலவையும் அறிக்கைச் செலவையும் ரசீதோடு கேளுங்கள். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனால் வழக்குக்கான காலவரம்பு தானாக நிற்கும் என்று நம்ப வேண்டாம். அது நாட்டுக்கு நாடு வேறு. கடைசித் தேதியை உள்ளூர் வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.