ஊர்ச் சங்கத்துப் பழைய ஏடுகள்: கேட்டவர்களுக்குப் பதில்

புதுக்கோட்டை மாவட்டத்து வாசகசாலை, கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக் குழு, எதுவாக இருந்தாலும் அதன் பழைய தீர்மானப் புத்தகம், வரவு செலவு ஏடு, ரசீது புத்தகம் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. சுருக்கி எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததற்கு நீளமாகச் சொல்வேன், தெரியாததற்கு ஆள் காட்டிவிடுகிறேன்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து: எங்கள் ஊர் வாசகசாலை 1950-களில் பதிவானது என்கிறார்கள். புதுக்கோட்டையில் தேடினேன், கிடைக்கவில்லை அக்கா.

கிடைக்காது தம்பி. புதுக்கோட்டை மாவட்டமே 1974 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு முன் அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டம், அதனால் தஞ்சாவூரில்தான் முதலில் கேட்க வேண்டும். இதே கேள்வியைத் திருமயம், ஆலங்குடிக்காரர் கேட்டிருந்தால் வேறு பதில்: 1948 மார்ச் வரை புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னரின் சமஸ்தானம், அப்புறம் 1974 வரை திருச்சி மாவட்டம். ஊர் நகரவில்லை, ஆனால் அதன் காகிதம் மூன்று ஆட்சிக்குக் கைமாறியிருக்கிறது. எந்த ஊர் என்று சொல்வதோடு எந்த வருஷம் என்றும் சொன்னால்தான் யாராலும் உதவ முடியும்.

அடுத்தது, எந்தச் சட்டத்தில் பதிவு என்று பார்க்க வேண்டும். வாசகசாலை, மன்றம் மாதிரியானவை பழைய 1860-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கும், பிற்பாடு வந்தவை தமிழ்நாட்டின் 1975-ஆம் வருஷச் சட்டத்தில். இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகம். கடன் சங்கம், பால் சங்கம் என்றால் அது கூட்டுறவுச் சட்டம், அந்த வரிசையே தனி, 1904-லிருந்து வருகிறது. திருவள்ளூர் பக்கம் திரூரில்தான் தமிழ்நாட்டின் முதல் கிராமக் கடன் சங்கம் அந்த வருஷம் ஏற்பட்டது. போவதற்கு முன் சங்கத்தின் பழைய ரப்பர் முத்திரை பதிந்த ஏதாவது ஒரு ரசீதைத் தேடி எடுங்கள். முத்திரையின் வளையத்திலேயே பதிவு எண்ணும் வருஷமும் இருக்கும் சங்கங்கள் நிறைய. எண்ணோடு போனால் தேடித் தருவார்கள், எண் இல்லாமல் போனால் அலைச்சல்தான். பதிவே செய்யாமல் நடந்த வாசகசாலைகளும் ஏராளம். அப்படி இருந்தால் ஏடு அலுவலகத்தில் இருக்காது, கடைசியாகச் செயலாளராக இருந்தவர் வீட்டுப் பரணில் இருக்கும். அந்த வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன் போய்விடுங்கள்.

கந்தர்வகோட்டையிலிருந்து: தீர்மானப் புத்தகத்தின் தாள் நொறுங்குகிறது. லேமினேஷன் போட்டுவிடலாமா?

வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது, தாள் உள்ளேயே பழுத்துக்கொண்டிருக்கும். செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை சில வருஷத்தில் மஞ்சளாகிக் கறை உட்கார்ந்துவிடும். துருப்பிடித்த குண்டூசியைப் பக்குவமாகக் கழற்றிவிட்டு, சலவை செய்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கைவாட்டில் வையுங்கள். நொறுங்கும் பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

குளத்தூர் பக்கத்திலிருந்து: சமஸ்தான காலத்துச் சங்கக் கணக்கு. ரூபாய், அணா புரிகிறது. கடைசிப் பத்தியைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டினால் மொத்தம் ஒத்துவரவில்லை.

இந்தக் கேள்விக்காக உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பிரிட்டிஷ் கணக்கில் அணாவுக்கு 12 பை. அதனால் பை பத்தியில் 11-க்கு மேல் எண் வரவே வராது. உங்கள் ஏட்டில் 13, 17 என்று வருகிறதா பாருங்கள். வந்தால் அது பை அல்ல, அம்மன் காசு. சமஸ்தானத்தின் சொந்தச் செப்புக்காசு, அணாவுக்கு 20. இருபது இருபதாகக் கூட்டிப் பாருங்கள். ஒத்துவந்தால் எழுதியவர் கணக்கில் புலி, தப்பு நம்முடையது.

தேதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'தாரண வருஷம் தை' என்றால் 1945 ஜனவரி-பிப்ரவரி. தாரண 1944 சித்திரையில் பிறந்தது, ஆனால் தை வருவதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடும். இதில்தான் எல்லோரும் ஒரு வருஷம் தவறுகிறார்கள். பசலி, அதாவது நில வரிக் கணக்கு வருஷம், என்று போட்டிருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1350 என்பது 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. நீங்கள் கண்டுபிடித்த ஆங்கிலத் தேதியை ஏட்டில் எழுதாதீர்கள், பென்சிலால்கூட. தனி நோட்டில் எழுதுங்கள்.

கறம்பக்குடியிலிருந்து: பழைய போட்டோ, சான்றிதழுக்கு லேமினேஷன் போடலாம்தானே?

மேலே சொன்னதேதான். கூடாது.

ஆலங்குடி பக்கத்திலிருந்து: கஜா புயலில் நனைந்த ஏடுகள், பக்கம் பக்கமாக ஒட்டிக்கிடக்கின்றன.

2018 நவம்பர் 16-க்குப் பிறகு நான் போன ஒரு வாசகசாலையில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர். நல்ல மனசோடு யாரோ எல்லாவற்றையும் வெயிலில் விரித்திருந்தார்கள். சாயங்காலம் பார்த்தால் தாள் அப்பளம் மாதிரி சுருண்டு, கரைந்த மை மறுபக்கத்திலும் ஊறியிருந்தது. நனைந்ததை நிழலில், காற்றாடிக் காற்றில், பக்கங்களுக்கு நடுவே எழுத்து அச்சு இல்லாத வெள்ளைத்தாள் வைத்து, தாளை மாற்றி மாற்றித்தான் காயவைக்க வேண்டும். உங்களுடையது இத்தனை வருஷம் காய்ந்து ஒட்டிவிட்டது, அதனால் கத்தி வைத்துப் பிரிக்க நினைக்காதீர்கள். தானாகத் திறக்கும் பக்கங்களை மட்டும் படமெடுத்துவிட்டு, மிச்சத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இன்னொருவர்: தாத்தாவின் நிலப் பத்திரம் வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகம்.

திருமயம் பக்கத்திலிருந்து: 1936-ஆம் வருஷ வாசகசாலை உறுப்பினர் ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சாதி எழுதியிருக்கிறது. ஸ்கேன் செய்து ஊர்க்காரர்களுக்குக் காட்டுவதற்கு முன் அந்தப் பத்தியை மையால் அடித்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள்.

அடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஊருக்குக் காட்டும் நகலில் எதை வேண்டுமானாலும் மறையுங்கள், அசலில் ஒரு புள்ளி வைக்கக்கூடாது.

இதைச் சொன்னதும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோபமாக எழுதினார்: அந்தப் பெயர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள், வரலாறு என்று சொல்லி ஊருக்குள் சண்டை மூட்டுவீர்களா, போகிற வஸ்து போகட்டும். இவருக்கு நான் எழுதுவதற்குள் அதே ஊர்க் காலனித் தெருவிலிருந்து ஒரு தம்பி எழுதிவிட்டார்: 'அந்த ஏட்டில் எங்கள் தெரு ஆள் ஒருத்தர்கூட இல்லை. சாதிப் பத்தியை அழித்துவிட்டால் நாங்கள் இல்லை என்பதும் அழிந்துபோகும்.' அதற்கப்புறம் ஆளாளுக்கு எழுதி, மற்ற கேள்விகள் எல்லாம் இரண்டு நாள் நின்றுவிட்டன.

நான் தம்பி பக்கம்தான், ஒளித்துப் பேசவில்லை. பல வருஷத்துக்கு முன் வேறோர் ஊரில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கேயும் உறுப்பினர் ஏட்டில் தெற்குத் தெருவிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் செலவு வவுச்சர்க் கட்டைப் பிரித்தால், வருஷா வருஷம் 'கூரை வேய்ந்த கூலி', கீழே கைநாட்டு, பக்கத்தில் பெயரும் தெருவும். அந்த வாசகசாலைக்குக் கூரை போட்டவர்கள் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்க முடியாதவர்கள். உறுப்பினர் ஏட்டின் சாதிப் பத்தியும் வவுச்சரும் சேர்ந்து இருந்ததால்தான் இது தெரிந்தது. இரண்டில் ஒன்றை யாராவது நல்லெண்ணத்தில் துடைத்திருந்தால், 'எல்லோருக்கும் பொதுவான வாசகசாலை' என்று விழா மலரில் அச்சடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போடுவது தப்பு. மூன்று காரியம் செய்யுங்கள். அசலை அப்படியே பூட்டி வையுங்கள். முழு ஸ்கேனை இரண்டு இடத்தில் வையுங்கள், யார் பார்க்கலாம் என்று கமிட்டியில் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொது நகலில் பத்தியை மறைத்து, மறைத்திருக்கிறோம் என்று அதிலேயே எழுதுங்கள். தீர்மானம் எழுதும் நாளில் காலனித் தெருக்காரர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தம்பி கேட்பது அதைத்தான்.

கீரமங்கலத்திலிருந்து: மொய் நோட்டும் இதில் சேருமா?

குடும்பக் கணக்குதான், சங்க ஏடு இல்லை. ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரு மன்றத்துச் செயலாளர்: ஆய்வு செய்கிறேன் என்று ஒருவர் அசலைக் கேட்கிறார்.

இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. உங்கள் இடத்திலேயே உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியே போனால் பக்க எண்ணிக்கை, திரும்பும் தேதி, கையெழுத்து மூன்றும் வேண்டும். என் கண்முன்னால் மூன்று தீர்மானப் புத்தகம் போயிருக்கிறது, ஒன்றும் திரும்பவில்லை.

மணமேல்குடியிலிருந்து: தாள் மெலிசாக இருந்தாலும் லேமினேஷன் கூடாதா?

கூடாது. இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

புதுக்கோட்டை நகரிலிருந்து: அம்மா அறிவொளியில் படித்துக் கல்குவாரிப் பெண்கள் குழுவில் இருந்தவர். குழு நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. இதெல்லாம் ஆவணமா?

ஆவணம்தான் தம்பி, சந்தேகமே வேண்டாம். 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியது வெளியூர்ப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. குழுக்கள் வாரா வாரம் எழுதிய நோட்டுகள்தான் எங்கேயும் சேரவில்லை. இப்படி ஒரு நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் பத்துப் பக்கத்தில் வருகைப் பத்தி முழுக்க ஊதா மைக் கைநாட்டு. நடுவில் ஓரிடத்தில் ஒரு பெயர், கோணல் மாணலாக, கட்டத்தைத் தாண்டிப் போய் எழுதியிருந்தது, பக்கத்திலேயே அதே ஆளின் கைநாட்டும். எழுதியதை நம்பாமல் இரண்டையும் போட்டிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து அந்த வரிசையில் கைநாட்டு இல்லை.

உங்கள் நோட்டை அட்டையிலிருந்து அட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், கலரில் படமெடுங்கள். பிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். எடுத்து முடித்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது யாருடைய கைநாட்டு என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.