பைனரி என்றால் 0, 1 மட்டும்தானா?

கணினிப் பாடத்தில் 0, 1 என்று படித்த பைனரி, வானியலிலும் வேதியியலிலும் இசையிலும் வருகிறதே, எல்லாம் ஒரே பொருள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இலத்தீனில் 'இரண்டிரண்டாக' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல் அது. இரண்டு என்பது எல்லாத் துறைக்கும் பொது. எவை இரண்டு, அவற்றுக்குள் என்ன உறவு என்பதுதான் மாறுகிறது.

அறிவியல் மொழிபெயர்ப்புகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. சிறுவர்களுக்கான வானியல் நூல் ஒன்றின் மெய்ப்பில், "சிரியஸ் ஓர் இரும எண் முறை" என்று ஒரு வரி இருந்தது. மூலத்தில் இருந்தது 'பைனரி சிஸ்டம்'. கணினி நூலாக இருந்தால் அந்த மொழிபெயர்ப்பில் குறையே இல்லை. வானத்திலோ அது ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்களைக் குறிக்கிறது. வரியை அடித்துவிட்டேன். ஆனால் ஓரத்தில் எதை எழுதுவது என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 'இரட்டை விண்மீன்' என்று எழுதினால் போதாது. பார்வைக்கு அருகருகே தெரிந்து, உண்மையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வெகுதொலைவில் இருக்கும் விண்மீன்களையும் இரட்டை என்றுதான் சொல்கிறோம். ஈர்ப்பால் பிணைந்து ஒன்றையொன்று சுற்றுபவற்றைத் தனியே குறிக்கத்தான் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1802-இல் பைனரி என்ற சொல்லை விண்மீன்களுக்குப் பயன்படுத்தினார். கடைசியில் 'இரும விண்மீன்' என்று எழுதினேன். இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

சிரியஸ் என்ற அந்த விண்மீனின் கதையே இந்தச் சொல்லுக்கு நல்ல விளக்கம். அது வானத்தில் நேராக நகராமல் தள்ளாடி நகர்வதைக் கண்ட வானியலாளர் பெசல், கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று 1844-இல் அறிவித்தார். 1862-இல் புதிய தொலைநோக்கி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த ஆல்வன் கிரஹாம் கிளார்க் அந்தத் துணையைக் கண்டார். ஏறத்தாழப் பூமியளவே உள்ள, ஆனால் சூரியனுக்கு நிகரான நிறை கொண்ட விண்மீன் அது. இரண்டும் ஒரு சுற்றை முடிக்கச் சுமார் 50 ஆண்டுகள் ஆகின்றன.

திருமணத்தில் நாம் பார்க்கும் அருந்ததியும் வசிட்டரும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரிபவை. அதில் வசிட்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் அதுவே இரண்டு. அவற்றுள் ஒன்றின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் இரண்டிரண்டாகப் பிரிவதை வைத்து, அதுவும் ஓர் இரும விண்மீன் என்று 1889-இல் வானியலாளர் பிக்கரிங் காட்டினார்.

கணினியின் பைனரியில் உறவு நேர் எதிரானது. அங்கே ஓரிடத்தில் 0 இருந்தால் 1 இருக்க முடியாது. இந்த இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்டு கணக்கிடும் முறையைக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1703-ஆம் ஆண்டுக்கான பாரிஸ் அறிவியல் கழக வெளியீட்டில் விளக்கினார். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் நம் 'அ' எழுத்தின் எண் 2949. இரும முறையில் எழுதினால் 101110000101. ஆண், பெண் என்ற இரண்டே பிரிவுக்குள் தங்களை அடக்க முடியாதவர்கள் 'நான்-பைனரி' என்று சொல்லிக்கொள்வதும் இந்த 'இது அல்லது அது' என்ற பொருளை மறுத்துத்தான்.

கணிதத்தில் ஈருறுப்புச் செயலி என்பதும் பைனரிதான். கூட்டலுக்கு இரண்டு எண்கள் வேண்டும், அவ்வளவே. 0, 1 என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வேதியியலில் எண்ணப்படுபவை தனிமங்கள், அணுக்கள் அல்ல. நீர் மூலக்கூறில் மூன்று அணுக்கள் இருந்தும், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று தனிமங்கள் இரண்டே என்பதால் அது பைனரிச் சேர்மம். பாக்டீரியாவில் ஒன்று இரண்டாகப் பிளப்பது பைனரி. மேற்கத்திய இசையில் இரண்டு பகுதிகளாக அமைந்து, பெரும்பாலும் ஒவ்வொன்றும் திரும்ப வாசிக்கப்படும் வடிவம் பைனரி.

தமிழ் படித்தவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுப்பது செய்யுள் இலக்கணமான யாப்பை வைத்துத்தான். அசை இரண்டே வகை: நேர் (மெய்யெழுத்து நீங்கலாக ஓரெழுத்து), நிரை (குறிலில் தொடங்கும் ஈரெழுத்து). அசைகள் சேர்ந்த சீருக்கு வாய்பாடாக வரும் தேமா என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள், தே-மா, நேர் நேர். புளி-மா, நிரை நேர். கரு-விளம், நிரை நிரை. கூ-விளம், நேர் நிரை. நேருக்கு 0, நிரைக்கு 1 என்று வைத்தால் 00, 10, 11, 01. இரண்டு இடங்களில் 0, 1 இரண்டையும் மாற்றி மாற்றி வைக்க இந்த நான்கு வழிகள்தான் உண்டு. அக்காலத்திலேயே கணினி இருந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. அது நம் இலக்கணத்துக்குப் பெருமை சேர்க்காது. வாய்பாட்டைச் சமைத்தவர்கள் ஒன்றையும் விடாமல் எண்ணியிருக்கிறார்கள் என்பதே எனக்கு வியப்பு. மூவசைச் சீரில் 'காய்' என்று முடியும் வாய்பாடு நான்கு, 'கனி' என்று முடிவது நான்கு, ஆக 8. நாலசைச் சீரில் 'பூ' என்று முடிவது எட்டு, 'நிழல்' என்று முடிவது எட்டு, ஆக 16.